கடலில்லாத ஊரில் ஆக்டோபஸின் அறிவைப் பாடமாக்குவது எப்படி?

கொங்கு நாட்டுப் பள்ளிகளில் எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கும், ஊர் நூலகத்தில் விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பேசுபவர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என்று எந்த மாவட்டத்தை எடுத்துக்கொண்டாலும் கடற்கரை கிடையாது. ஆனாலும் ஆக்டோபஸைக் கேள்விப்படாத பிள்ளை வகுப்பில் இருப்பது அரிது. கைப்பேசிக் காணொளிகளின் வழியாக அவர்கள் அறிந்திருக்கும் ஆக்டோபஸ் புட்டியின் மூடியைத் திறக்கும், தொட்டியிலிருந்து தப்பித்து ஓடும், ஆளை அடையாளம் கண்டுகொள்ளும்; சில காணொளிகளில் அது வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த உயிர் என்றுகூடச் சொல்லப்பட்டிருக்கும். அந்த வியப்பைக் கெடுக்காமல், அதற்குள் எது கண்ணால் கண்டு உறுதிசெய்யப்பட்டது, எது நாமாக ஏற்றிச் சொன்னது என்று பிரித்துப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குவதே இந்தப் பாடத்தின் வேலை. இரண்டு பாடவேளைகள் இருந்தால் போதும்.

“ஆக்டோபஸுக்கு அறிவு அதிகமா, மனிதனுக்கு அதிகமா?” என்ற கேள்வியோடு மட்டும் தொடங்கிவிடாதீர்கள். அந்தக் கேள்வி வகுப்பை இரண்டு கட்சியாகப் பிரித்துச் சத்தம் போட வைக்குமே தவிர, வேறெங்கும் கொண்டுபோகாது. அதற்குப் பதிலாக அரிஸ்டாட்டிலிடமிருந்து தொடங்கலாம். ஆக்டோபஸ் மந்தபுத்தியுள்ள பிராணி என்று எழுதியவர் அவர். தண்ணீருக்குள் கையை விட்டால் விலகி ஓடாமல் கையை நோக்கியே வருகிறது என்பதுதான் அவர் காட்டிய காரணம். தெரியாத பொருளை நெருங்கித் தொட்டுப் பார்க்கும் அதே செயலை இன்றைய ஆய்வாளர்கள் ஆராயும் ஆர்வம் என்று கணக்கில் சேர்க்கிறார்கள். விலங்கு மாறவில்லை, செயலும் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியிருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, இன்று முழுவதும் மூன்றே கேள்விகளைக் கேட்கப் போகிறோம் என்று கரும்பலகையில் எழுதுங்கள்: எந்த வேலைக்கான அறிவு? எந்த உடலை வைத்துக்கொண்டு? எப்படிப்பட்ட வாழ்க்கைக்காக?

வகுப்புக்குத் தேடி வைக்க வேண்டியவை

உயிருள்ள ஆக்டோபஸுக்கு வழியில்லை, அது தேவையும் இல்லை. கோவை உக்கடத்திலோ உங்கள் ஊர் மீன் கடையிலோ முதல் நாளே சொல்லி வைத்தால் ஊசிக்கணவாய் கிடைக்கும். கழுவி வெட்டாமல், தலையும் கைகளும் முழுசாக இருக்கும்படி ஒன்றிரண்டு வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். அது ஆக்டோபஸ் இல்லை; எட்டுக் கைகளோடு இரண்டு நீண்ட பற்றுக்கைகளும் அதற்கு உண்டு. ஆனாலும் உறிஞ்சிகள், கிளி மூக்குப் போன்ற அலகு, உருண்டைக் கண்வில்லை ஆகியவற்றை அதிலேயே காட்டிவிடலாம். ஆக்டோபஸை நம் கடற்கரையில் பேய்க்கணவாய் என்பார்கள். பிள்ளைகளுக்கு ஆக்டோபஸ் என்ற பெயரே பழக்கம் என்பதால் பாடத்தில் அதையே வைத்துக்கொள்வது நல்லது.

மீன் வாடையே ஆகாத வீட்டுப் பிள்ளைகள் நம் பக்கத்து வகுப்பறைகளில் நிறையவே இருப்பார்கள். அவர்களை வற்புறுத்த வேண்டியதில்லை. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்ற பெயரில் விற்கும் வெள்ளை ஓட்டை வாங்கி அவர்கள் கையில் கொடுங்கள். கூண்டுக் கிளிக்குக் கொத்தக் கொடுப்பதும் அதுதான். ஆக்டோபஸின் உறவான ஓட்டுக்கணவாயின் உடலுக்குள்ளே இருக்கும் ஓடு அது. மழை விட்ட காலையில் தோட்டத்து வரப்பில் ஊரும் நத்தையும் இதே மெல்லுடலிக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் என்று சொல்லும்போது, வேற்றுக் கிரகக் கதையைக் கேட்டு வந்த பிள்ளைகள் சற்றே ஏமாந்து போவார்கள். ஆக்டோபஸ் இனமொன்றின் மரபணுத் தொகுப்பு 2015-இல் முழுமையாக வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 33,000 மரபணுக்களைக் கொண்ட அந்தத் தொகுப்பு அதை நத்தை, சிப்பி இவற்றின் பங்காளியாகவே காட்டுகிறது. நத்தை வெளியே சுமக்கிறது, ஓட்டுக்கணவாய் உள்ளே வைத்திருக்கிறது, ஆக்டோபஸ் ஓட்டையே விட்டுவிட்டது. ஓடு போன பிறகு அந்த மெல்லிய சதையைக் காப்பாற்றிக்கொள்ள நிறம் மாறுவதும், ஒளிந்துகொள்வதும், மை கக்கி ஏமாற்றுவதும், அன்றாடம் ஒரு புது வழி கண்டுபிடிப்பதும்தான் மிச்சம். அதன் அறிவு வளர்ந்ததற்கு இதுவே முக்கியமான காரணம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் இது பொருத்தமாகவே படுகிறது.

இவை தவிர, ஒரே அளவுள்ள மூடி போட்ட இரண்டு தகர டப்பாக்கள் (ஒன்றில் மணல் நிரப்பியது, இன்னொன்று காலி), ஒரு மஞ்சப்பை, உடைத்துக் காயவைத்த தேங்காய்த் தொட்டிகள் இரண்டு, பிள்ளைக்கொன்றாக வெள்ளைத்தாள், ஒரு ரூபாய் நாணயங்கள் ஆகியவை வேண்டும். காணொளி காட்டுவதாக இருந்தால் ஒலியை நிறுத்திவிட்டே முதல் முறை காட்டுங்கள். பின்னணிக் குரல் “அது திட்டமிடுகிறது”, “அதற்குக் கோபம் வந்துவிட்டது” என்று சொல்லிக்கொண்டே போகும்போது, பிள்ளைகள் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதால் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

உடலிலிருந்து தொடங்குதல்

மூன்று இதயங்கள், செம்பு கலந்த நீல இரத்தம், எலும்பே இல்லாத உடல் ஆகியவற்றை விரைவாகச் சொல்லிக் கடந்துவிடலாம். நின்று நிதானித்துச் சொல்ல வேண்டியது நரம்பு மண்டலத்தைத்தான். பொதுவான ஆக்டோபஸுக்கு ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள் உண்டு; மனிதனுக்கு ஏறத்தாழ 8,600 கோடி. இந்த இரண்டு எண்களை எழுதியதும் “அப்படின்னா நாமதானுங்க சார் ஜெயிச்சோம்?” என்று யாராவது கேட்பார்கள். உடனே மூன்றாவது எண்ணை எழுதுங்கள்: ஆப்பிரிக்க யானைக்கு ஏறத்தாழ 25,700 கோடி. நம்மைவிட மூன்று மடங்கு! ஆனால் அவற்றில் மிகப் பெரும்பகுதி யானையின் சிறுமூளையில் இருக்கிறது. பெருமூளைப் புறணியை மட்டும் எடுத்துக்கொண்டால் யானைக்கு ஏறத்தாழ 560 கோடி, மனிதனுக்கு ஏறத்தாழ 1,600 கோடி. மொத்தத்தை எண்ணுவது பயன்படாது, எது எங்கே இருந்துகொண்டு என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். ஆனைமலையும் சிறுவாணியும் பக்கத்திலிருக்கும் ஊர்களில் யானைக் கதை சொல்லாத பிள்ளை கிடையாது என்பதால், இந்த இடத்தில் வகுப்பு சற்றுத் திசை மாறினாலும் விட்டுப் பிடிக்கலாம்.

அடுத்து, எங்கே என்ற கேள்வி. ஆக்டோபஸின் 50 கோடியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதன் எட்டுக் கைகளில் இருக்கிறது. நடு மூளை, உணவுக்குழாயைச் சுற்றி வளையம் போல அமைந்திருக்கிறது. விழுங்கும் உணவு மூளையின் நடுவே புகுந்துதான் வயிற்றுக்குப் போகிறது. மூளையோடு தொடர்பு துண்டிக்கப்பட்ட கையை மின்தூண்டலால் தூண்டியபோதும், உயிருள்ள ஆக்டோபஸ் கையை நீட்டும் அதே முறையில் அது வளைந்து நீண்டதை 2001-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நீட்டு என்ற ஆணை மேலிருந்து வருகிறது. எப்படி நீட்டுவது என்பதைக் கையே பார்த்துக்கொள்கிறது.

பல்லடம், சோமனூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை ஒரு நொடியில் புரியவைக்கலாம். கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரருக்கு ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுத்து, இன்ன ரகம், இத்தனை மீட்டர் என்று சொல்லிவிட்டுப் போகிறார். நூல் அறுந்தால் முடிவதும், தறியைச் சீராக ஓட்டுவதும் தறிக்காரரின் பொறுப்பு. ஒவ்வொரு அறுபட்ட நூலுக்கும் அவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. ஆக்டோபஸின் மூளைக்கும் கைக்கும் உள்ள ஏற்பாடு ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் ஒப்புமை எங்கே முறிகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்: தறிக்காரருக்குத் தனி மனம் உண்டு, ஒப்பந்தக் கூலி கட்டாவிட்டால் தறியை நிறுத்திவிடுவார், ஆக்டோபஸின் கைக்கு அப்படித் தனியாக ஒரு மனம் இருக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. “ஒன்பது மூளைகள்” என்று காணொளிகளில் வருவது எளிதாகச் சொல்வதற்காக உருவான பேச்சு, அவ்வளவுதான். கண்ணால் பார்த்து ஒரு கையைச் சரியான வழியில் செலுத்த நடு மூளையால் முடியும் என்பதை 2011-இல் நடந்த சோதனையொன்று காட்டியிருக்கிறது. அதில் கையை நீர்மட்டத்துக்கு மேலே, மணத்தையோ சுவையையோ வைத்து வழி தேட முடியாதபடி ஒரு குழாய்ப் புதிருக்குள் விட்டுத்தான் ஆக்டோபஸ் இரையை எடுக்க வேண்டியிருந்தது. இரை இருக்கும் கிளையைக் கண்ணால் பார்த்துக் கையை அங்கே செலுத்த அவை கற்றுக்கொண்டன.

மஞ்சப்பைச் சோதனை

பாடத்தின் நடுநாயகம் இந்தப் பகுதிதான். இதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். மஞ்சப்பைக்குள் விரலி மஞ்சள், தேங்காய்த் தொட்டி, சோளக்கதிர், கொட்டமுத்து, பம்பரம் என்று ஐந்தாறு பொருள்களைப் போட்டு, ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி, பைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். தடங்கலில்லாமல் சொல்லிவிடுவார்கள். பிறகு இரண்டு தகர டப்பாக்களையும் தூக்கிப் பார்த்து எது கனம் என்று சொல்லச் சொல்லுங்கள். இது என்ன கேள்வி என்று வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பு வரவேண்டும்.

அதன் பிறகு, 1950-களிலும் 60-களிலும் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரக் கடல் ஆய்வகத்தில் மார்ட்டின் வெல்ஸ் நடத்திய சோதனைகளைச் சொல்லுங்கள். பார்வை நீக்கப்பட்ட ஆக்டோபஸ்களுக்கு உருளைகளைக் கொடுத்துத் தொட்டே வேறுபாடு அறியப் பயிற்றுவித்தார். வழவழப்பான உருளைக்கும் வரிப்பள்ளம் வெட்டிய உருளைக்கும் உள்ள வேறுபாட்டை அவை கற்றுக்கொண்டன. ஆனால் அதே அளவு பள்ளங்களை ஓர் உருளையில் நெடுக்காகவும் இன்னோர் உருளையில் குறுக்காகவும் வெட்டிக் கொடுத்தபோது அவற்றால் பிரித்தறிய முடியவில்லை. கனமான பொருளையும் இலேசான பொருளையும் வேறுபடுத்தவும் அவை கற்கவில்லை. கனமான பொருளைத் தூக்கும்போது கைத்தசை அதற்கேற்ப இறுகத்தான் செய்கிறது. அந்தச் செய்தி கற்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதே அவர் கண்ட முடிவு.

எந்தத் தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எந்த மூட்டு எவ்வளவு மடிந்திருக்கிறது என்ற கணக்கு நம் மூளைக்கு ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. நமக்குக் கையில் மூட்டுகள் சிலவே. அவை மடியும் திசைகளும் எண்ணக்கூடியவை. ஆக்டோபஸின் கை எந்த இடத்திலும், எந்தத் திசையிலும் வளையும், நீளும், சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். இப்படிப்பட்ட எட்டுக் கைகளின் கணக்கு முழுவதையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்வது எந்த மூளைக்கும் தாங்காத சுமை. எனவே வேலையைக் கையிடமே விட்டுவிட்டது; விட்டுவிட்டதற்கு விலையாக, பொருளின் வடிவையும் கனத்தையும் தொட்டறியும் ஆற்றலை இழந்தது. மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது: அதன் உறிஞ்சிகள் தொட்ட பொருளைச் சுவைத்தும் பார்க்கின்றன, அதற்கான தனி உணர்வேற்பிகள் 2020-இல் விரிவாக விவரிக்கப்பட்டன. மஞ்சப்பைக்குள் கை விட்ட பிள்ளையிடம், விரலி மஞ்சளைத் தொட்டவுடன் விரலே அதன் காரலையும் சொல்லிவிட்டால் எப்படியிருக்கும் என்று கேளுங்கள். நம்மால் முடிவது அதனால் முடியாது, அதனால் முடிவது நம்மால் முடியாது என்று சொல்வதோடு நிறுத்தாமல், இரண்டுக்கும் காரணம் உடலமைப்பிலேயே இருக்கிறது என்பதை அவர்கள் வாயாலேயே வரவழைக்க வேண்டும்.

கண்ணைப் பற்றி ஒரு சிறு சோதனை போதும். தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியும், அதற்கு வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி ஒரு கரும்புள்ளியும் இடச்சொல்லுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டுமே பார்த்தபடி தாளைக் கை நீட்டும் தூரத்திலிருந்து மெல்ல நெருக்கினால், ஏறத்தாழ 30 செ.மீ. தூரத்தில் கரும்புள்ளி மறைந்துவிடும். நம் விழித்திரையின் நரம்பிழைகள் முன்பக்கமாக ஓடி ஓரிடத்தில் துளைத்துக்கொண்டு வெளியேறுவதால் வந்த குருட்டுப்புள்ளி அது. ஆக்டோபஸின் கண்ணில் நரம்பிழைகள் பின்பக்கமாகவே கிளம்புவதால் அந்தக் குறை இல்லை. ஆனால் பெரும்பாலான ஆக்டோபஸ்களுக்கு ஒரே வகை ஒளியுணர் நிறமியே இருப்பதால், நம்மைப் போல நிறங்களைப் பிரித்தறிய வாய்ப்பில்லை. சுற்றுப்புறத்தின் நிறத்துக்கு அவ்வளவு துல்லியமாக மாறும் விலங்குக்கு இப்படி ஒரு கண். எப்படி மாறுகிறது என்று பிள்ளைகள் துளைத்தெடுப்பார்கள். அது இன்னும் ஆய்விலிருக்கும் கேள்வி என்று சொல்லி, குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

நினைவு எங்கே இருக்கிறது

இரண்டாம் பாடவேளையை நேப்பிள்ஸிலிருந்தே தொடரலாம். அங்கே 1950-களில் ஜே. இசட். யங், பிரையன் பாய்காட் இருவரும் ஆக்டோபஸுக்கு நண்டைக் காட்டினார்கள். நண்டு தனியே வந்தால் பிடித்துத் தின்னலாம். வெள்ளைச் சதுரத்தோடு சேர்ந்து வந்த நண்டை நெருங்கினால் இலேசான மின்னதிர்ச்சி. சில முறைகளிலேயே சதுரம் வந்தால் ஒதுங்கி நிற்கவும், தனி நண்டைப் பாய்ந்து பிடிக்கவும் அவை கற்றுக்கொண்டன. மூளையின் உச்சியிலுள்ள செங்குத்து மடல் என்ற சிறு பகுதியை நீக்கியபோது இந்தக் கற்றல் பெரிதும் குலைந்தது. ஏறத்தாழ இரண்டரைக் கோடி மிகச்சிறிய நரம்பணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் பகுதி அது. நம் மூளையில் புதிய நினைவுகள் உருவாகத் துணைநிற்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பிணைப்புகள் பயன்படப் பயன்பட வலுப்பெறுவதைப் போலவே, செங்குத்து மடலிலும் வலுப்பெறுகின்றன என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

இந்தச் செய்தியின் கனத்தைப் பிள்ளைகள் உணர ஒரு காலக்கணக்கு தேவை. மனிதனுக்கும் ஆக்டோபஸுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அது மிக எளிய நரம்பமைப்புக் கொண்ட, புழுவை ஒத்த ஒரு சிற்றுயிராக இருந்திருக்க வேண்டும். குரங்கின் அறிவை நம் அறிவோடு ஒப்பிடும்போது ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒப்பிடுகிறோம்; காக்கையும் யானையும்கூட முதுகெலும்புள்ள சொந்தம்தான். ஆக்டோபஸின் பெரிய மூளை முற்றிலும் தனியாக உருவானது. தனித்தனியே உருவான இரண்டு மூளைகள் நினைவுக்கு ஒத்த வழியையே கண்டிருப்பது, அனுபவத்திலிருந்து கற்க வேண்டிய உயிருக்கு அப்படிப்பட்ட ஓர் ஏற்பாடு தவிர்க்க முடியாதது போலும் என்று எண்ண வைக்கிறது. “போலும்” என்ற சொல்லை இங்கே நான் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். நீங்களும் வகுப்பில் விட்டுவிடாதீர்கள்.

கண்டதும் கருதியதும்

கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் “கண்டது”, வலப்பக்கம் “கருதியது” என்று எழுதுங்கள். இனி ஒவ்வொரு கதையையும் இந்த இரண்டு பத்திகளில் பிரித்துப் போட வேண்டும். நான் பரிந்துரைக்கும் முதல் கதை பால் (Paul) என்று பெயரிடப்பட்ட ஆக்டோபஸுடையது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் இருந்தது அது. இரண்டு நாட்டுக் கொடிகள் ஒட்டிய இரண்டு பெட்டிகளில் சிப்பி இறைச்சியை வைத்து, எந்தப் பெட்டியை முதலில் திறக்கிறது என்று பார்த்தார்கள். எட்டு ஆட்டங்களுக்கும் அது சொன்னது பலித்தது. பிள்ளைகளை எழுந்து நிற்கவைத்து, ஒவ்வொருவரும் பூவா தலையா என்று சொல்லிவிட்டு நாணயத்தைச் சுண்டச் சொல்லுங்கள்; தவறியவர் உட்கார வேண்டும். எட்டு முறையும் சரியாகச் சொல்ல 256-இல் ஒரு வாய்ப்பு உண்டு. நாற்பது பேர் வகுப்பில் ஐந்தாறு சுற்றுக்குள் பெரும்பாலும் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்நூறு பேரை வைத்துச் சுண்டினால் கடைசிவரை ஒருவரோ இருவரோ நிற்பது இயல்பு. அதே பால் 2008-இல் ஆறு ஆட்டங்களில் இரண்டைத் தவறாகச் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோயில் வாசலில் கிளி எடுத்த சீட்டைப் பற்றி அப்போது யாராவது கேட்டால், கேள்வி கேட்டவரையே விடை சொல்லவும் விடுங்கள்.

இரண்டாவது கதை, நியூசிலாந்தின் நேப்பியர் நகரக் காட்சியகத்திலிருந்து தப்பிய இங்கி என்ற ஆக்டோபஸ். 2016-இல் உலகம் முழுவதும் பரவிய செய்தி இது. கண்டது என்ன? தொட்டி மூடி சற்றே திறந்திருந்தது, தரையில் ஈரத்தடம் இருந்தது, கடலுக்குப் போகும் வடிகால் குழாய் வரை தடம் போயிருந்தது, ஆக்டோபஸைக் காணவில்லை. அது போனதை யாரும் பார்க்கவில்லை. “விடுதலைக்கு ஏங்கியது”, “நாள்கணக்கில் திட்டமிட்டது” என்று எழுதப்பட்டதெல்லாம் வலப்பக்கத்துச் சரக்கு.

இதற்கு நேர்மாறாக, கண்ணால் கண்டே எழுதப்பட்ட, ஆனாலும் பொருள் சொல்லக் கடினமான கதை 1959-இல் பீட்டர் டியூஸ் எழுதியது. நெம்புகோலை இழுத்தால் சிறு மீன் துண்டு கிடைக்கும் என்று மூன்று ஆக்டோபஸ்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆல்பர்ட்டும் பெர்ட்ராமும் ஒழுங்காக இழுத்தன. சார்லஸ் என்ற மூன்றாவது ஆக்டோபஸ் நெம்புகோலை வளைத்து உடைத்தது, மேலே தொங்கிய விளக்கைத் தண்ணீருக்குள் இழுத்தது, ஆய்வாளர் இருந்த பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சியடித்தது. சார்லஸுக்கு அறிவு குறைவா? தேர்வுத்தாளின் கணக்கில் ஆமாம். ஆனால் அந்தக் கணக்கு சோதனை வைத்தவருடையது. வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளைகள் சார்லஸின் பக்கம் நிற்பார்கள் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது தேங்காய்த் தொட்டிகளைக் கையில் எடுக்கலாம். பொள்ளாச்சித் தேங்காயின் தொட்டி காங்கேயம் பக்கத்துக் கரி ஆலைக்குப் போவது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். இந்தோனேசியக் கடலடியில் மனிதர்கள் வீசிய தொட்டிகளை வரியுள்ள ஆக்டோபஸ் இனமொன்று பொறுக்கிக்கொண்டு போவதை 1999 முதல் 2008 வரை கண்ட ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்டார்கள். தொட்டியைக் கவிழ்க்காமல் கிண்ணம் போலப் பிடித்து, அதன் மேல் உட்கார்ந்து, கைகளை ஊன்றுகோல் போல விறைத்துக்கொண்டு அது நடக்கிறது. இப்படி நடப்பது வழக்கமான நகர்ச்சியைவிடக் கடினம், போகிற வழியில் தொட்டியால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில்தான் இரண்டு தொட்டிகளையும் மூடிக்கொண்டு உள்ளே ஒளிகிறது. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டு தொட்டிகளையும் முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு வகுப்பைச் சுற்றி வரச்சொல்லுங்கள், கடினம் விளங்கும். பின்னால் வரும் பயனுக்காக இப்போது சிரமப்படுவதால் இதைக் கருவிப் பயன்பாடு என்றார்கள். சங்கு தேடிப் புகும் முனிவன் நண்டும் இதைத்தானே செய்கிறது என்று மறுத்தவர்களும் உண்டு. இந்த வழக்கை வகுப்பே விசாரிக்கட்டும். என் தனிப்பட்ட சாய்வு முதல் கட்சிக்கு. நண்டு சுமப்பது தன் நிரந்தர வீட்டை, ஆக்டோபஸ் சுமப்பதோ அந்த நேரத்தில் பயன்படாத ஒரு பொருளை.

ஆளை அடையாளம் காண்பதற்கு நல்ல சான்று உண்டு. 2010-இல் வெளியான ஆய்வொன்றில் ஒரே மாதிரி உடையணிந்த இருவரில் ஒருவர் எப்போதும் உணவு கொடுத்தார், இன்னொருவர் முள் போன்ற தூரிகைக் குச்சியால் தொட்டார். இரண்டு வாரங்களில் எட்டு இராட்சத ஆக்டோபஸ்களும் இருவரிடமும் வெவ்வேறாக நடந்துகொண்டன. விளையாட்டு என்று சொல்லத்தக்கதும் உண்டு: சியாட்டில் காட்சியகத்தில் மிதக்கும் மருந்துப் புட்டியை நீர்ப்பீய்ச்சலால் மீண்டும் மீண்டும் தள்ளிவிட்டதாக 1999-இல் பதிவு செய்யப்பட்டது. எட்டில் இரண்டே அப்படிச் செய்தன என்பதை விடாமல் சொல்லுங்கள்.

இவ்வளவு அறிவிருந்தும் ஏன் ஊர் கட்டவில்லை

இந்தக் கேள்வி வராத வகுப்பு இல்லை. விடை ஆயுளில் இருக்கிறது. பொதுவான ஆக்டோபஸ் ஓரிரு ஆண்டுகளே வாழ்கிறது. இராட்சத இனம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். தாய் முட்டைகளைக் காவல் காத்து, உண்பதை நிறுத்தி, குஞ்சுகள் பொரியும் காலத்திலேயே இறந்துவிடுகிறது. கண்களுக்கிடையே உள்ள இரண்டு சுரப்பிகளையும் நீக்கியபோது தாய் மீண்டும் உண்ணத் தொடங்கி அதிக நாள் வாழ்ந்ததை 1977-இல் வோடின்ஸ்கி காட்டினார். அந்த மரணம் பட்டினியால் நேர்ந்த விபத்தாக இல்லாமல், உடலே நடத்தும் ஏற்பாடாக இருக்கிறது. குஞ்சுக்குக் கற்றுத்தரத் தாயில்லை, பார்த்துப் பழகக் கூட்டமில்லை. ஓர் ஆக்டோபஸ் பார்த்தே இன்னொன்றிடமிருந்து கற்றது என்று 1992-இல் ஓர் ஆய்வு வெளியானது, அதைப் பற்றிய விவாதமும் உடனே எழுந்தது. எப்படியாயினும் இயற்கையில் அதற்கு வாய்ப்பு குறைவு.

மனித அறிவின் தனித்தன்மை இங்கேதான் துலங்குகிறது. தனியொரு மனிதனைத் தனியொரு ஆக்டோபஸோடு நிறுத்தி ஒப்பிடுவதே ஒருவகையில் பிசகு. காலிங்கராயன் வாய்க்கால் எங்கே மடை திறக்க வேண்டும் என்பதை எந்தப் பிள்ளையும் பிறந்தபின் தானாகக் கண்டுபிடித்ததில்லை, தலைமுறை தலைமுறையாக வந்ததைக் கேட்டுக்கொண்டது. பேச்சு, எழுத்து, நீண்ட குழந்தைப் பருவம், சொல்லிக்கொடுக்கப் பாட்டி தாத்தா ஆகியவை கழிந்த மனித மூளை ஒன்றை நாம் எங்கும் கண்டதில்லை. ஆக்டோபஸ் ஒவ்வொன்றும் முதலிலிருந்து தானே கற்று, கற்றதைத் தன்னோடே கொண்டுபோய்விடுகிறது.

“ஏனுங்க டீச்சர், அதுக்கு வலிக்குமுங்களா?” என்ற கேள்விக்கும் தயாராக இருங்கள். 2021-இல் ராபின் குரூக் வெளியிட்ட ஆய்வில், கையில் நீர்த்த அசிட்டிக் அமிலம் செலுத்தப்பட்ட சிறு ஆக்டோபஸ்கள், தாம் முன்பு விரும்பியிருந்த அறையாயினும் அமிலத்துக்குப் பின் அடைக்கப்பட்ட அறையைத் தவிர்த்தன. மரத்துப்போகும் மருந்து கொடுக்கப்பட்ட அறையைப் பின்னர் நாடின. அனிச்சைச் சுருக்கத்துக்கு மேலான ஒன்று நடக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று. பிரிட்டனின் 2022-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் ஆக்டோபஸ், கணவாய் அடங்கிய தலைக்காலிகளை உணர்வுள்ள உயிர்களில் சேர்த்தது. அடுத்து, அப்படியானால் தின்னலாமா என்று கேட்பார்கள். கணவாய் வறுவல் சாப்பிடும் வீட்டுப் பிள்ளையும் முட்டைகூடத் தொடாத வீட்டுப் பிள்ளையும் ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஆசிரியர் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. சான்றை வைத்துவிட்டு, வீட்டில் பேசச் சொல்லி அனுப்பலாம்.

வீட்டுப்பாடமாக, ஆளுக்கொரு விலங்கை அரை மணி நேரம் பார்த்து, கண்டது, கருதியது என்ற இரண்டு பத்திகளில் ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லுங்கள். கொறங்காட்டுப் படலைக் கொம்பால் நெம்பும் மாடு, கொடாப்பைச் சுற்றி வரும் நாய், தண்ணீர்க் குழாயடிக் காக்கை எதுவும் ஆகலாம். விலங்கைச் சீண்டவோ, புதிய தீனி கொடுத்து இழுக்கவோ கூடாது. யானை நடமாடும் ஊர்களில் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மதிப்பெண் பத்து. இடப்பக்கப் பத்தியில் “நினைத்தது”, “விரும்பியது”, “கோபப்பட்டது” என்று வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அரை மதிப்பெண் குறையும். வலப்பக்கத்தில் ஒரே செயலுக்கு இரண்டு வேறு விளக்கங்கள் எழுதியவருக்கு இரண்டு மதிப்பெண் கூடும்.